நீல் சிலையும் கடலூர் அஞ்சலையம்மாளும்



அமெரிக்காவில் இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் குழுவில் ஒரு கேள்வி போட்டிருந்தார். "ரிச்மண்ட் நகரத்தில் ஜெனரல் லீயின் சிலையை 2021இல் எடுத்துவிட்டார்கள். கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் அதே லீ இன்னும் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறார். சிலையை எடுத்தால் வரலாறு அழிந்துவிடாதா சார்?" என்று. கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன். இப்போது மணி அடித்து என்னை நிறுத்த ஆளில்லை.

இந்தச் சண்டையை நாம் அமெரிக்காவுக்கு முன்பே போட்டு முடித்துவிட்டோம். சென்னை மவுண்ட் ரோட்டில் நீல் என்ற ராணுவ அதிகாரிக்குப் பெரிய சிலை இருந்தது. 1857 கிளர்ச்சியை அடக்க இங்கிருந்து மதராஸ் பியூசிலியர்ஸ் படையோடு வடக்கே போனவர். கான்பூரில் பிடிபட்டவர்களைத் தரையில் உறைந்திருந்த ரத்தத்தை நக்கித் துடைக்கச் சொல்லி, பிறகு தூக்கில் போட்டவர். அந்த ஆண்டு செப்டம்பரில் லக்னோவில் குண்டடிபட்டுச் செத்தார்.

கான்பூர் பீபிகரில் ஆங்கிலேயப் பெண்களும் குழந்தைகளும் வெட்டிக் கொல்லப்பட்டது உண்மை. அதை மறைத்துப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஆனால் அது நடந்தது ஜூலை மாதம். காசியிலும் அலகாபாத்திலும் நீலின் ஆட்கள் கண்டவரை எல்லாம் மரத்தில் தொங்கவிட்டது ஜூனிலேயே. ஆகவே "பழிக்குப் பழி" என்று அவருக்கு வக்காலத்து வாங்க வழியில்லை. தேதிகளை மனப்பாடம் செய்யச் சொல்லி உங்கள் உயிரை வாங்கினேனே, அது இதற்குத்தான்.

மவுண்ட் ரோட்டில் எந்தப் போரும் நடக்கவில்லை. நீல் பிறந்த ஊரும் அதுவல்ல. அவருடைய ஸ்காட்லாந்தில் ஏர் என்ற ஊரில் அவருக்கு ஒரு சிலை இருக்கிறது, அது அவர்கள் பாடு. சென்னையில் வைத்தது, போகிற வருகிற நம் ஜனங்கள் அண்ணாந்து பார்த்துப் பயப்படட்டும் என்றுதான். போர்க்களத்தில் நிற்கும் சிலை "இங்கே இது நடந்தது" என்கிறது. கடைவீதியில் நிற்கும் சிலை "இவர்தான் உனக்குப் பெரியவர்" என்கிறது. கெட்டிஸ்பர்க்குக்கும் ரிச்மண்டுக்கும் வித்தியாசம் இதுதான் தம்பி.

வெள்ளைக்காரர் சிலை என்றாலே நாம் கோபப்படுகிறோம் என்றும் இல்லை. நம் மரக்காணத்துக்குப் பக்கத்து ஆலம்பரைக் கோட்டையை 1750இல் வாங்கிக்கொண்ட டூப்ளே, புதுச்சேரி கடற்கரையில் இன்றும் நிற்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவர் காலடியில் சுண்டல் தின்றுவிட்டு வருகிறோம். நீல் விஷயத்தில் கோபம் அவர் தோலைப் பார்த்து வந்ததில்லை, செய்ததைப் பார்த்து வந்தது.

1927இல் தொண்டர்கள் சுத்தியலும் கோடாலியும் எடுத்துக்கொண்டு அந்தச் சிலைக்குப் போய்ச் சிறை புகுந்தார்கள். காமராஜருக்கும் அதில் பங்கு உண்டு. அப்படிப் போனவர்களில் ஒருவர் நம் கடற்கரைக்காரர், கடலூர் முதுநகர் அஞ்சலையம்மாள். சாதாரண நெசவாளர் வீட்டுப் பெண். தனியாகவும் போகவில்லை, ஒன்பது வயது மகள் அம்மாக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு போனார். காந்தி அந்தக் குழந்தைக்கு லீலாவதி என்று பெயர் மாற்றி வார்தாவுக்கு அழைத்துப்போனார். ஒன்பது வயதுப் பிள்ளையைப் போராட்டத்துக்குக் கூட்டிப்போகலாமா என்றால், வாத்தியாராக எனக்கு இன்றும் மனம் ஒப்பவில்லை. அந்தத் தாயின் துணிச்சலை அளக்க நான் யார் என்றும் தோன்றுகிறது.

சிலை உடனே போகவில்லை. பத்து வருஷம் கழித்து, 1937இல் ராஜாஜி ஆட்சிக்கு வந்த பிறகுதான் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. அதே வருஷம் அஞ்சலையம்மாள் சட்டசபைக்குள் போனார்.

வரலாறு அழிந்ததா? நீல் பத்திரமாக இருக்கிறார். மறந்துபோனது அவரை எதிர்த்தவர்களைத்தான். 2024இல் நம் விழுப்புரம் மாவட்டத்து விக்கிரவாண்டியில் ஒரு கட்சி மாநாட்டில் அஞ்சலையம்மாள் படம் ஆளுயரத்துக்கு மேல் நின்றபோது, "யார் சார் இந்த அம்மா?" என்று என்னையே கேட்டீர்கள். பட்டம் வாங்கியவர்கள் கேட்டீர்கள். கட்சி எதுவாகவும் இருக்கட்டும், அந்தக் கேள்வி வந்ததே நல்லது.

என் கருத்து இதுதான். நீலை ரோட்டிலிருந்து எடுத்தது சரி. உடைத்துக் கடலில் போடாமல் வைத்திருப்பதும் சரி. ஆனால் சும்மா வைத்திருந்தால் அது வெறும் உலோகம். அவர் கான்பூரில் செய்ததும், 1927இல் நம்மவர்கள் செய்ததும் சிலைக்குப் பக்கத்தில் தமிழில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை படிக்கிற மாதிரி இருக்க வேண்டும்.

சென்னையில் இருக்கிறவர்கள் அடுத்த லீவில் பேரப்பிள்ளைகளோடு எழும்பூர் போய்வாருங்கள். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று நின்று படியுங்கள். அஞ்சலையம்மாள் பெயர் இல்லையென்றால் எனக்கு ஒரு போன் போடுங்கள். மனுவை நான் எழுதித் தருகிறேன், நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும்.