கணக்கைக் கேட்கக் கற்றுக்கொள்வோம்!

மூன்று மாதத்திற்கு ஒருமுறை வங்கிகளின் காலாண்டுக் கணக்கு நாளிதழ்களில் வருகிறது. 'வட்டிக்காரன் கணக்கு நமக்கெதற்கு?' என்று நம்மவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டி விடுகிறார்கள். வட்டி ஹராம் என்பதில் இரண்டாவது கருத்துக்கே இடமில்லை. ஆனால் கடியப்பட்டணம் முதல் தேங்காய்ப்பட்டணம் வரை நம் வியாபாரிகளின் முதலும், வளைகுடாவில் வியர்வை சிந்தும் இளைஞர்களின் சம்பாத்தியமும் வங்கியில்தானே கிடக்கின்றன? பணம் கிடக்கும் இடத்தின் நிலவரத்தை அறிய வேண்டாமா?

1926ல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியைப் பாருங்கள். 2018-19ல் அதன் நட்டம் 894 கோடி ரூபாய். 2019-20ல் 836 கோடி. இதை மட்டும் படித்தவர், 'பரவாயில்லை, தேறி வருகிறது' என்றுதான் நினைத்திருப்பார். ஆனால் அதே கணக்கில் மூலதன விகிதம் என்று இன்னொரு வரி இருந்தது. கொடுத்த கடன் மூழ்கினால் தாங்கிக்கொள்ள வங்கியிடம் சொந்த முதல் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்லும் வரி அது. குறைந்தது 9 சதவீதம் வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. இந்த வங்கியிலோ 2019 மார்ச்சில் 7.72, 2020 மார்ச்சில் 1.12, அந்த ஆண்டு செப்டம்பர் காலாண்டில் பூஜ்யத்திற்கும் கீழே, மைனஸ் 2.85! கொடுத்த கடனில் நூற்றுக்கு 24 ரூபாய்க்கு மேல் வாராக்கடன்.

2020 நவம்பர் 17ல் கதவு பாதி மூடியது. 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்றார்கள். பத்தே நாளில் வங்கி டி.பி.எஸ். வங்கியோடு இணைக்கப்பட்டது. டெபாசிட் பணம் தப்பியது. பங்குகளின் மதிப்போ பூஜ்யமானது! மலிவாகக் கிடைக்கிறதே என்று வங்கிப் பங்கு வாங்கத் துடிக்கும் இளைஞர்களே, அது வட்டியின் லாபத்தில் பங்கு. மறுமைக்கும் உதவாது, இம்மையிலும் இப்படிக் கைவிடும்.

இன்னொன்றையும் சிந்தியுங்கள். வட்டி வங்கிகூடத் தன் நோயைச் சட்டத்திற்குப் பயந்து எழுதி வெளியிட்டது. 'ஹலால்' என்று போர்டு மாட்டிய பெங்களூர் ஐ.எம்.ஏ. நிறுவனம் என்ன செய்தது? 2019 ஜூனில் அதன் நிறுவனர் வெளிநாடு ஓடியபோது பல்லாயிரம் முஸ்லிம் குடும்பங்கள் நடுத்தெருவில் நின்றன. மாதாமாதம் லாபம் கைக்கு வந்தது. அது எந்த வியாபாரத்தில் வந்த லாபம் என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கக் கட்டளையிடும் அல்பகரா 282தான் திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம். அந்த வேதத்தைச் சுமக்கும் சமுதாயம் தாடியையும் தொப்பியையும் பார்த்துப் பணத்தை நீட்டலாமா? கணக்குக் கேட்பது சந்தேகப் புத்தியல்ல, மார்க்கம் காட்டிய வழி!

வங்கியானாலும் கூட்டு வியாபாரமானாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். சொந்த முதல் எவ்வளவு? திரும்பாத கடன் எவ்வளவு? லாபம் எதிலிருந்து வந்தது? பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு ஜமாஅத்திலும் வணிகவியல் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஜும்ஆ முடிந்து அரைமணி நேரம் அவர்களை உட்காரவைத்துக் கணக்கைப் படிக்கச் சொல்வோம். இன்ஷா அல்லாஹ், அடுத்த முறை நம் சமுதாயம் ஏமாறாது.