நோயாளியின் பாஷை தெரிந்த நர்ஸ் வேண்டும்!

1980-ம் ஆண்டு. அமெரிக்காவில் புளோரிடா மாகாணம். நினைவிழந்த நிலையில் 18 வயது வாலிபன் ஒருவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். கூட வந்தவர்கள் ஸ்பானிய மொழி பேசுகிறவர்கள். இங்கிலீஷ் அரைகுறைதான். "என்ன நடந்தது?" என்று கேட்டதற்கு, "இன்டாக்ஸிகாடோ" என்று பதில் வந்தது.

கியூபா நாட்டுப் பேச்சு வழக்கில் அந்தச் சொல்லுக்கு, சாப்பிட்டது ஏதோ உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் பொருள். டாக்டரின் காதிலோ, போதை ஏறியவன் என்று பொருள்படும் இங்கிலீஷ் வார்த்தையாக அது விழுந்தது. பையன் போதை மருந்தை அளவுக்கு மீறித் தின்றுவிட்டான் என்று தீர்மானித்து, அதற்கே வைத்தியம் நடந்தது. உண்மையில் அவனுக்கு மூளையில் ரத்தக் கசிவு! அது தெரிய வருவதற்குள் இரண்டு நாட்களுக்கு மேல் ஓடிவிட்டன. உயிர் பிழைத்தான். ஆனால் இரண்டு கைகளும் இரண்டு கால்களும் விழுந்துவிட்டன. பிறகு வழக்கு நடந்தது. பல கோடி டாலர் நஷ்ட ஈடு கிடைத்தது. பணம் வந்தது, கை கால் வரவில்லை.

இந்தச் சம்பவத்தில் கவனிக்கத்தக்க விஷயம் ஒன்று உண்டு. மொழிபெயர்ப்பாளர் ஒருவரை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடவேண்டும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. சொன்னவர்கள் சரியாகச் சொல்லிவிட்டதாக நினைத்தார்கள். கேட்டவர் சரியாகப் புரிந்துகொண்டதாக நினைத்தார். புரியவில்லை என்பது தெரிந்தால்தானே துணைக்கு ஆள் தேடுவார்கள்? புரியாததைப் புரிந்ததாக நினைப்பதுதான் பெரிய ஆபத்து. இரண்டு பாஷையும் அறிந்த ஒரு நர்ஸ் அந்தக் கட்டிலருகே நின்றிருந்தால், அந்தப் பிழையை அங்கேயே திருத்தியிருக்கக் கூடும்.

19 எங்கே, 7 எங்கே?

மெக்ஸிகோ, கியூபா, போர்ட்டோ ரிக்கோ போன்ற ஸ்பானிய மொழி வழங்கும் இடங்களைப் பூர்வீகமாகக் கொண்டவர்களை அமெரிக்காவில் 'ஹிஸ்பானிக்' மக்கள் என்று அழைக்கிறார்கள். 2020-ம் ஆண்டு ஜனக்கணக்கின்படி இவர்கள் தொகை 6 கோடியே 21 லட்சம். நாட்டில் 100 பேரை எடுத்துக்கொண்டால் அதில் ஏறக்குறைய 19 பேர் இவர்கள். கலிபோர்னியா, டெக்ஸாஸ் மாகாணங்களில் 100க்கு 39 பேர்.

ஆனால் 2022-ல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில், பதிவு பெற்ற நர்சுகள் 100 பேரில் இந்த மக்கள் சுமார் 7 பேர்தான். 2015-ல் 4 பேர்கூட இல்லை. முன்னேற்றம் இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆயினும் 19 எங்கே, 7 எங்கே?

இந்தக் குறையை வெகு நாட்களுக்கு முன்பே கண்டுகொண்டவர் இல்டாரா முரில்லோ ரோடே என்ற அம்மையார். 1920-ல் பனாமா நாட்டில் பிறந்தவர். 1945-ல் அமெரிக்கா வந்து, டெக்ஸாஸில் உள்ள சான் அன்டோனியோ நகரில் நர்சிங் படித்தார். ஊர் நிறைய ஸ்பானிய மொழி பேசும் ஜனங்கள். அவர்களைப் பராமரிக்க அவர்கள் இனத்து நர்சுகளோ மிகச் சிலர். அந்தக் காட்சி அம்மையாரின் மனத்தை விட்டு அகலவில்லை. டாக்டர் பட்டமும் பெற்று உயர்ந்த பிறகு, 1975-ல் ஹிஸ்பானிக் நர்சுகளுக்கென்று தேசிய சங்கம் ஒன்றை ஸ்தாபித்தார். 2010-ல் அவர் காலமானார். அவர் நட்ட செடி இன்று மரமாகி நிற்கிறது. அதன் நிழல்தான் இன்னும் போதவில்லை.

ஆசைக்குக் குறைவில்லை

இந்தச் சமூகத்துப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் நர்ஸ் வேலையில் நாட்டமில்லையோ என்று சிலர் கேட்கலாம். அப்படியில்லை. ஆஸ்பத்திரிகளிலும் முதியோர் விடுதிகளிலும் நோயாளியைக் குளிப்பாட்டி, உடுத்தி, சோறூட்டும் உதவியாளர்களைப் பாருங்கள். அங்கே இவர்களின் விகிதாசாரம் அதிகம். ஏணியின் அடிப்படியில் ஆள் இருக்கிறார்கள். மேல்படிக்கு ஏறத்தான் வழி குறுகலாக இருக்கிறது.

காரணங்கள் தெளிவானவை. முதலாவது பணம். பகலில் வேலைக்குப் போனால்தான் வீட்டில் அடுப்பெரியும் என்ற நிலையில் உள்ளவர், பகல் முழுவதும் வார்டில் பயிற்சி எடுப்பது எப்படி? இரண்டாவது, பலர் தங்கள் குடும்பத்திலேயே முதன் முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கிறவர்கள். எந்தப் பாடம் எடுப்பது, எங்கே விண்ணப்பிப்பது என்று வீட்டில் சொல்ல ஆளில்லை. மூன்றாவது, கற்றுக்கொடுக்க ஆசிரியர்கள் போதவில்லை. ஆஸ்பத்திரியில் கிடைக்கும் சம்பளம் கல்லூரியில் கிடைப்பதில்லை. 2023-ல் மட்டும், தகுதி இருந்தும் இடமின்றித் திருப்பி அனுப்பப்பட்ட நர்சிங் பட்டப் படிப்பு விண்ணப்பங்கள் 65 ஆயிரத்துக்கும் மேல்! ஒருபுறம் நர்ஸ் இல்லை என்ற கூக்குரல். மறுபுறம் படிக்க வந்தவர்களுக்குக் கதவடைப்பு. வினோதம் அல்லவா?

தரம் குறையுமா?

'இனம் பார்த்து ஆள் எடுத்தால் தரம் கெட்டுவிடும்' என்ற வாதம் ஒன்று உண்டு. ஆனால் நர்ஸ் ஆவதற்கு நாடெங்கும் எழுதும் லைசென்ஸ் பரீட்சை எல்லோருக்கும் ஒன்றே. அதைச் சுலபமாக்கும்படி இங்கே யாரும் கேட்கவில்லை. பரீட்சை மண்டபம் வரை வந்து சேரும் பாதையைச் செப்பனிடும்படிதான் கேட்கிறார்கள். கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று 2023-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது உண்மைதான். ஆனால் ஏழைக்கு உதவித்தொகை தருவதையும், குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருகிறவருக்குக் கை கொடுப்பதையும் அந்தத் தீர்ப்பு தடுக்கவில்லை.

'மொழிபெயர்ப்பாளர் இருந்தால் போதாதா?' என்பது இன்னொரு கேள்வி. அவர்களும் அவசியம் வேண்டும். இன்னும் அதிகமாகவே வேண்டும். ஆனால் டாக்டர் வந்து போவது சில நிமிஷங்கள். மற்ற நேரமெல்லாம் நோயாளியுடன் இருப்பது நர்ஸ்தான். நடுநிசியில் முனகும் கிழவி என்ன சொல்கிறாள், சர்க்கரை வியாதிக்காரர் வீட்டில் என்ன சாப்பிடுகிறார், மருந்தை விழுங்காமல் ஒளித்து வைப்பது ஏன் என்பதெல்லாம் பேச்சுவாக்கில்தான் வெளியே வரும். டெலிபோனில் கூப்பிட்ட மொழிபெயர்ப்பாளரிடம் வராது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஹிஸ்பானிக் பெயர் கொண்டவர்கள் எல்லோரும் ஸ்பானிய மொழியைச் சரளமாகப் பேசுவார்கள் என்பதில்லை. பேசத் தெரிந்தவர்களுக்கும் வேறொரு கஷ்டம். தங்கள் வேலையோடு, வார்டு முழுவதற்கும் மொழிபெயர்க்கும் வேலையும் சம்பளமில்லாமல் தலையில் விழுகிறது. இரண்டு பாஷை அறிந்திருப்பது ஒரு திறமை. அதைப் பரீட்சித்துப் பார்த்து, அதற்குரிய ஊதியம் தருவதே நியாயம்.

செய்ய வேண்டியது

உயர்நிலைப் பள்ளியிலேயே மாணவர்களைத் தேடிப்போய், இந்தத் தொழிலின் வழிகளை எடுத்துச் சொல்ல வேண்டும். தங்களிடம் உழைக்கும் உதவியாளர்களை, சம்பளத்தை நிறுத்தாமல் படிக்க அனுப்ப ஆஸ்பத்திரிகள் முன்வர வேண்டும். வேலை நேரத்தைப் படிப்புக்கு ஏற்றபடி மாற்றித் தரலாம். இரண்டு வருஷப் படிப்பு முடித்தவர்கள் நான்கு வருஷப் பட்டம் பெற வசதி செய்யலாம். ஆசிரியர் சம்பளத்தை உயர்த்தினால், மூடிய கதவுகள் பல திறக்கும். இதற்கெல்லாம் செலவாகும் என்பது உண்மையே. புளோரிடா வாலிபனின் ஒரு வழக்கு எத்தனை கோடியை விழுங்கியது என்று பார்த்தால், எது செலவு, எது சேமிப்பு என்பது விளங்கும்.

எத்தனை பாஷை கற்றாலும், வலி வரும்போது மனிதன் அலறுவது தாய்மொழியில்தான். அந்த அலறல் காதில் விழும் தூரத்தில், அதன் பொருள் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். நூற்றுக்குப் பத்தொன்பது பேர் ஒரு நாட்டிடம் இதைக் கேட்பது சலுகை அல்ல, வைத்தியம்.