காசும் மாசும்

சிக்கனம் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். சுற்றுச்சூழல் என்று சொன்னால் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள்! இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகள் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மறுக்கிறார்கள்.

குளிரூட்டப்பட்ட மண்டபங்களிலே நடக்கும் கூட்டங்களைக் கேட்டிருப்பீர்கள், தோழர்களே! மக்கள் மனம் மாறவேண்டுமாம். பூமித் தாயிடம் பக்தி வேண்டுமாம். காசு மிச்சமாகும் என்பதற்காக விளக்கை அணைப்பவன் தன்னலக்காரனாம். அவனை நம்பி உலகைக் காக்க முடியாதாம். தியாக உள்ளம் பிறந்தால்தான் விடிவுகாலமாம்!

தியாகம்! யாரிடம் கேட்கிறார்கள் அதனை? பத்துக்குப் பத்து அறையிலே ஐந்து பேர் படுத்துறங்கும் குடும்பத்திடம். பழைய செய்தித்தாளை எடைக்குப் போட்டு, அந்தப் பணத்தில் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்கும் தாயிடம். கிழிந்த வேட்டியைத் துண்டாக்கி, துண்டு நைந்தபின் அடுப்படித் துணியாக்கி, அதுவும் இற்றபின்தான் எறியும் வீட்டிடம். எறிவதற்கு ஏதுமில்லாதவனிடம் போய், "எறியாதே" என்று உபதேசம்!

மஞ்சள் பையின் கதை ஒன்று போதும். திருமண வீட்டிலே தாம்பூலம் வைத்துத் தந்த அந்தப் பையை ஆண்டுக்கணக்கில் துவைத்துத் துவைத்துப் பயன்படுத்தினான் பாட்டாளி. பேருந்து நிலையத்திலே அவனைக் கண்டு, "மஞ்சப்பை வந்துவிட்டது பார், பட்டிக்காடு!" என்று நகைத்தனர் நாகரிக சிகாமணிகள். 2019-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டிலே தடை வந்தது. 2021 டிசம்பரிலே 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசே இயக்கம் தொடங்கிற்று. நேற்றுவரை கேலிப் பொருள். இன்று விருந்தினருக்கு வழங்கும் பரிசுப் பொருள்! பாட்டாளி அந்தப் பையை எடுத்தது பூமித் தாய்மீது கொண்ட பக்தியால் அல்ல. புதுப் பைக்குக் காசு இல்லை, எடுத்தான். அதனால் மண்ணுக்குக் கிடைத்த நன்மை குறைந்தா போயிற்று?

நான் சொல்ல வருவது இதுதான்: காசு மிச்சமாகிறது என்பதற்காக ஒருவன் நல்ல காரியம் செய்தால், அது மட்டமான நோக்கம் அல்ல. கூலிக்காரன் வீட்டிலே அதைவிட உறுதியான நோக்கம் வேறு இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை. அந்தக் காசு உண்மையிலேயே அவன் பையில் மிச்சமாக வேண்டும்!

விளக்கைப் பாருங்கள். 60 வாட் குண்டு பல்பு தரும் வெளிச்சத்தை எட்டு, ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பு தருகிறது. இந்த உண்மை தெரிந்த பின்னும் ஏழை வீட்டில் குண்டு பல்புதான் எரிந்தது. ஏன்? அறியாமையா? அல்ல! அப்போது அந்தப் புதுப் பல்பின் கடை விலை 300 ரூபாய்க்கு மேல். 2015 ஜனவரியிலே 'உஜாலா' என்னும் திட்டம் வந்தது. அரசுத் துறை நிறுவனமொன்று கோடிக்கணக்கில் மொத்தமாக வாங்கிற்று. 2014-இல் அது ஒரு பல்புக்குக் கொடுத்த கொள்முதல் விலை 310 ரூபாய். 2016-இல் 38 ரூபாய்! பல மாநிலங்களில் பத்து ரூபாய் முன்பணம் கொடுத்தால் போதும். மீதியை மின்கட்டணத்தோடு தவணையாகக் கட்டலாம் என்று ஏற்பாடும் செய்தார்கள். விளைவு? 36 கோடிக்கும் அதிகமான பல்புகள் மக்கள் கைக்குச் சென்றன. குண்டு பல்பு கண்ணிலே படுவதே இன்று அபூர்வம். எந்த உபதேசியார் வந்து மனம் மாற்றினார்? விலை மாறிற்று, பல்பு மாறிற்று.

இனி விசிறிக்கு வருவோம். இங்கேதான் விஷயம் இருக்கிறது. கொஞ்சம் கணக்குப் போடவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் வீடுகளிலே சுழலும் சாதாரண மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. என்று கடைக்காரர் சொல்லும் புது வகை, 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். மிச்சம் 45 வாட். நாளொன்றுக்கு 15 மணி நேரம், இரண்டு மாதத்துக்கு 60 நாள் என்று பெருக்கினால், ஒரு விசிறியில் மட்டும் 40 யூனிட் மிச்சம். நிலக்கரியை எரித்து எடுக்கும் மின்சாரமானால், யூனிட் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு வானத்தில் ஏறாமல் நிற்கும். வானத்தை விடுங்கள், எண்ணூருக்குப் போய்ப் பாருங்கள். அனல் மின்நிலையத்தின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலே படிந்து, மீனவன் பிழைப்பை மூடிய கோலத்தைப் பாருங்கள். எரியாத யூனிட் ஒவ்வொன்றும் அங்கே விழாத சாம்பல்.

பணக் கணக்கு என்ன? 2022 செப்டம்பரில் வந்த கட்டண அட்டவணையை எடுத்துக்கொள்வோம். அதன்பின் விகிதங்கள் கூடியிருக்கின்றன, அடுக்கு முறை அதுதான். முதல் 100 யூனிட் இலவசம். 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு. 400 வரை 4 ரூபாய் 50 காசு. 500 வரை 6 ரூபாய். ஆக 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். பத்தே யூனிட் கூடி 510 ஆகிவிட்டால்? மொத்தக் கணக்கே மாறுகிறது! 101 முதல் 200 வரை இருந்த சலுகை பறிபோகிறது. 500-க்கு மேல் யூனிட் 8 ரூபாய். பில் 2,030 ரூபாய்! பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய் தண்டம். அந்த வீட்டிலே ஒரு விசிறியை மாற்றி 470 யூனிட்டுக்கு இறக்கினால் 1,545 ரூபாய். ஒரே பில்லில் 485 ரூபாய் மிச்சம்! சாதாரண விசிறியைவிடப் புது விசிறிக்குச் சுமார் ஆயிரம் ரூபாய் அதிகம் கொடுக்க நேர்ந்தாலும், மூன்று பில்லுக்குள் அந்த ஆயிரம் திரும்பிவிடும்.

சபாஷ் என்று எழுந்துவிடாதீர்கள். 510 யூனிட் எரிப்பது யார் வீடு? குளிர்சாதனப் பெட்டியும் துணி துவைக்கும் இயந்திரமும் உள்ள வீடு. நம் தோழர் வீட்டில் 200 யூனிட் ஓடினால் அதிகம். அவர் அதே விசிறியை மாற்றினால் மிச்சம் 90 ரூபாய். கூடுதலாகக் கொடுத்த ஆயிரம் கைக்குத் திரும்பப் பதினோரு பில், ஏறக்குறைய இரண்டு ஆண்டு! நூறு யூனிட்டுக்குள் வாழும் கிழவிக்கோ ஒரு காசும் மிச்சமில்லை. ஒரே விசிறி, ஒரே 40 யூனிட், ஒரே சாம்பல். வசதியுள்ளவனுக்கு ஆதாயம் ஓடி வருகிறது, இல்லாதவனுக்கு ஊர்ந்து வருகிறது. மலிவான மின்சாரம் ஏழைக்கு வேண்டும், அதிலே கை வைக்கச் சொல்லவில்லை நான். ஏழை ஏன் மாற்றவில்லை என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கையும் படிக்கட்டும் என்கிறேன்.

வாடகை வீட்டுக்காரர் பாடு இன்னும் விசித்திரம்! அட்டவணையாவது, அடுக்காவது? "யூனிட்டுக்கு எட்டு ரூபாய், இஷ்டமிருந்தால் இரு" என்பார் வீட்டுக்காரர் சிலர்; பத்து கேட்பாரும் உண்டு. விசிறியை மாட்டுவது வீட்டுக்காரர்; அவர் வாங்குவது மலிவான பழைய வகை. கரண்டுக்குப் பணம் கட்டுவது குடியிருப்பவர். வாங்குபவன் ஒருவன், தண்டம் கட்டுபவன் மற்றொருவன். இந்த வீட்டிலே மின்சாரம் மிச்சமாகுமா?

இன்னொரு குரல் கேட்கிறது, படித்தவர் குரல். 1865-லேயே ஜெவன்ஸ் என்னும் ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் சொல்லிவிட்டாராம்: நீராவி எந்திரம் சிக்கனமாக ஆக, நிலக்கரிச் செலவு குறையவில்லை, பெருகிற்று; சிக்கனமானதால் எல்லோரும் எந்திரம் வைத்தனர் என்று. ஆகையால் மிச்சம் பிடித்த காசை மக்கள் வேறெதிலாவது செலவழித்துவிடுவார்கள். சுற்றுச்சூழலுக்குப் பயனில்லை என்கிறார்கள். ஜெவன்ஸ் சொன்னதில் உண்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு விசிறியின் கீழே ஐவர் படுத்திருந்த வீட்டிலே, மிச்சமான காசில் இரண்டாவது விசிறி சுழன்றால், அதை வீண் என்று எழுதிவைக்கும் பேனா யாருடையது? சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுக்குள் ஓரிரவு உறங்கிவிட்டு வந்து எழுதட்டும்!

காசு என்னும் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதற்கு மலையிலிருந்து ஒரு சாட்சி. நீலகிரியிலே மதுக்குடித்தவர்கள் காட்டோரத்தில் பாட்டிலை வீசினார்கள். உடைந்த கண்ணாடி யானையின் காலைக் கிழித்தது. எச்சரிக்கைப் பலகைகள் நட்டார்கள். பலகையின் அடியிலேயே பாட்டில் கிடந்தது! உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2022 மே மாதம் முதல் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் பத்து ரூபாயைத் திருப்பித் தருவது என்றாயிற்று. பெரும்பகுதிப் பாட்டில்கள் கடைக்கே திரும்பின. குடித்தவன் திருந்திவிடவில்லை, அவன் எறிந்தாலும் பத்து ரூபாய்க்காகப் பொறுக்க இன்னொருவர் வருகிறார், அவ்வளவுதான். இத்திட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் பரவியபோது, கூடுதல் ஆளின்றிக் கூடுதல் வேலையா என்று கடை ஊழியர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. காட்டைக் காக்கும் செலவை ஊழியர் தோளில் மட்டும் ஏற்றலாகாது.

சரி, காசே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளுமா? நொய்யலைக் கேளுங்கள்!

திருப்பூரிலே சாயக் கழிவைச் சுத்திகரிக்காமல் ஆற்றிலே விட்டவர்களும் காசை மிச்சப்படுத்தத்தான் விட்டார்கள். அவர்களும் சிக்கனம் பிடித்தார்கள்! பாசனத்துக்கென்று 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர்க் குட்டையாயிற்று. கிணறு கெட்டது, தென்னை கெட்டது, மாடு குடிக்கத் தண்ணீர் இல்லை. முதலாளியின் ஏட்டிலே மிச்சம். உழவனின் வயலிலே நஷ்டம். 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அப்போது வேலையிழந்து நின்றவன் யார்? தொழிலாளி! மாசு பட்டபோதும் அவன் தண்ணீர்தான் கெட்டது. மாசை நிறுத்தியபோதும் அவன் கூலிதான் நின்றது. பின்னர் கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாமல், அந்த நீரையே பிரித்தெடுத்து மீண்டும் சாயத் தொட்டிக்கு அனுப்பும் நிலையங்கள் ஓடின. நீரும் உப்பும் திரும்பக் கிடைக்கின்றன. அவற்றுக்கும் விலை உண்டல்லவா? ஆனால் அந்த ஆதாயத்தை முதலாளிகள் தாமாகத் தேடிப் போகவில்லை. ஆற்றில் விடுவது இலவசம் என்ற நிலையைச் சட்டம் ஒழித்த பிறகே போனார்கள்.

அந்நிலையங்களுக்காக மாநில அரசு வட்டியில்லாக் கடனாக 200 கோடி ரூபாய் ஒதுக்கியது. தவறென்று நான் சொல்லமாட்டேன். ஆயிரமாயிரம் குடும்பங்களின் அடுப்பு அதிலே எரிகிறது. பட்டறைக்கு வட்டியில்லாக் கடன் உண்டென்றால், பட்டறையில் வேலை செய்பவன் வீட்டு விசிறிக்கு ஆயிரம் ரூபாய்த் தவணை கிடையாதா? பத்து ரூபாய் முன்பணத்தில் பல்பு தர முடிந்த நாட்டிலே, நூறு ரூபாய் முன்பணத்தில் விசிறி தந்து, மீதியை மின்கட்டணத்தோடு சிறுகச் சிறுக வாங்கிக்கொள்ள எது தடை? பழைய விசிறியை எடைக்கு எடுத்துக்கொண்டு விலையில் கழித்தால் இன்னும் நன்று. நூறு யூனிட்டுக்குள் வாழ்பவருக்கு இலவசமாகவே கொடுத்தாலும் அரசுக்கு நஷ்டமில்லை. அங்கே மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் அரசு மானியத்தில் இலவசமாகத் தந்துகொண்டிருக்கும் யூனிட்தானே!

வட்டக் கூட்டங்களிலே இதைத் தீர்மானமாக எழுதுங்கள், தோழர்களே. வாடகை வீட்டு சப் மீட்டர் கொள்ளையையும் அதிலேயே சேருங்கள்: வாரியத்தின் விகிதத்துக்கு மேல் குடித்தனக்காரரிடம் ஒரு காசும் வாங்கக்கூடாது என்று. எழுதுமுன் அவரவர் தெருவிலே பத்து வீட்டு மின் அட்டைகளை வாங்கிப் பாருங்கள். எத்தனை வீடு 500-ஐ ஒட்டி நிற்கிறது, எத்தனை வீடு நூறுக்குள் அடங்குகிறது, எத்தனை பேர் அட்டையையே கண்ணால் கண்டதில்லை என்று குறித்துக்கொண்டு வாருங்கள்.