கைக்குழந்தைக்கும் ஓர் இருக்கை

வட லண்டனின் எட்மண்டனிலுள்ள நார்த் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் பிறக்கும் குழந்தையைத் தாய் தகப்பன் தங்கள் காரில் வீட்டுக்குக் கொண்டுபோவதென்றால், அதற்கேற்ற கார் சீட் இருந்தே ஆகவேண்டும். 12 வயது அல்லது 135 செ.மீ. உயரம், இரண்டில் எது முந்துகிறதோ அதுவரை பிள்ளைக்கு உரிய இருக்கை வேண்டும் என்கிறது பிரித்தானியச் சட்டம். மீறினால் 500 பவுண்ட் வரை அபராதம். மினிகேப்புக்குச் சில விலக்குகள் உண்டு. சொந்தக் காருக்குக் கிட்டத்தட்ட இல்லை. சில மாதங்கள் கழித்து, நல்லூர்த் திருவிழாவுக்கோ சென்னையில் ஒரு கலியாணத்துக்கோ குடும்பம் புறப்படுகிறது. ஏ406 சாலை வழியாக ஹீத்ரோ வரைக்கும் பிள்ளை கார் சீட்டில் பத்திரமாகப் பூட்டப்பட்டிருக்கிறது. அங்கே கார் சீட் காரோடு திரும்பிவிடுகிறது. கொழும்புக்கும் சென்னைக்கும் பத்து, பதினொரு மணி நேரம் பிள்ளை மடியில்தான். 30 மைல் வேகத்தில் போகும் காரில் மடி போதாது என்று சொல்லும் அதே அரசு, மணிக்கு 150 மைல் அளவில் ஓடுபாதையைத் தொடும் விமானத்தில் மடி போதும் என்கிறது. இது திருத்தப்பட வேண்டும். லண்டனிலிருந்து புறப்படும் நீண்டதூர விமானங்களிலாவது, இரண்டு வயதுக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் தனி இருக்கையும் அங்கீகாரம் பெற்ற பாதுகாப்புக் கட்டும் கட்டாயமாக்கப்பட வேண்டும்.

மடி ஏன் போதாது என்பதற்குப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. இன்றைய பயணிகள் விமான இருக்கைகள், முன்னோக்கிய திடீர் நிறுத்தத்தில் புவியீர்ப்பைப்போல் 16 மடங்கு விசையைத் தாங்கச் சோதிக்கப்படுகின்றன. அந்த விசையில் பத்துக் கிலோ குழந்தை 160 கிலோவாகக் கனக்கும். எந்தத் தாயின் கையும் அதைப் பிடித்து வைக்காது. அது அன்பின் குறை அல்ல. இதற்காகத்தான் தாயின் பெல்ட்டில் கோத்துக் குழந்தையின் வயிற்றைச் சுற்றிப் பூட்டும் ஒரு சிறு பட்டியை விமானப் பணிப்பெண் கொண்டுவந்து தருகிறார். மடியில் அமரும் குழந்தைக்கு அந்தப் பட்டி பிரித்தானியாவிலும் ஐரோப்பாவிலும் கட்டாயம். அமெரிக்காவிலோ விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் அதற்குத் தடை. ஒரே பட்டிக்கு இப்படி நேர்மாறான இரண்டு சட்டங்கள் இருப்பது பலருக்குத் தெரியாது. பட்டி இல்லாவிட்டால் குழந்தை தூக்கி எறியப்படும் என்பது இங்குள்ள நியாயம். பட்டி இருந்தால், முன்னால் மடியும் பெரியவரின் உடல் முழுப் பாரத்தோடு குழந்தைமேல் விழும், பட்டி வயிற்றை அழுத்தும் என்பது அங்குள்ள நியாயம். இரண்டுமே உண்மை. பட்டியை மாற்றித் தீர்க்கக்கூடிய சிக்கல் அல்ல இது. குழந்தை மடியில் இருப்பதே சிக்கல்.

1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் சூ சிட்டியில் யுனைடெட் 232 விமானம் விழுந்து நொறுங்கியபோது அதில் 296 பேர் இருந்தார்கள். 184 பேர் பிழைத்தார்கள். மடிக்குழந்தைகள் நால்வர். அன்றைய நடைமுறைப்படி, குழந்தைகளைத் தரையில் கிடத்திப் பிடித்துக்கொள்ளுமாறு தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன் பெற்றோருக்குச் சொன்னார். நால்வரில் இரண்டு வயது நிரம்பாத குழந்தை ஒன்று இறந்தது. அந்தத் தாயை எதிர்கொள்ள நேர்ந்த ஜான் பிரவுன், பிறகு பல்லாண்டுகள் குழந்தைக்கும் தனி இருக்கை என்ற ஒரே கோரிக்கைக்காகப் போராடினார். அமெரிக்க விபத்து விசாரணை வாரியமும் அதையே திரும்பத் திரும்பப் பரிந்துரைத்தது. ஆனால் விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் நிர்வாகம் 2005இல் கட்டாயமாக்க முடியாதென்று அறிவித்தது. அதன் வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது: குழந்தைக்கும் டிக்கெட் வாங்கச் சொன்னால் குடும்பங்கள் காரில் கிளம்பும், சாலை விமானத்தைவிட மிக ஆபத்தானது, கடைசியில் அதிகம் பேர் சாவார்கள். 2003இல் வெளிவந்த ஒரு குழந்தை மருத்துவ ஆய்வின் கணக்கும் இதற்குத் துணைநின்றது. அமெரிக்காவில் இந்த விதி ஆண்டுக்கு ஓர் உயிரைக்கூட முழுதாகக் காப்பாற்றாது. 5 முதல் 10 சதவீதக் குடும்பங்கள் சாலைக்கு மாறினாலே நட்டம்தான் மிஞ்சும் என்றது அது.

சிகாகோவிலிருந்து டென்வருக்குப் போகிறவருக்கு அந்தக் கணக்குப் பொருந்தும். எட்மண்டனிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் காரில் போகிறவர் யார்? மதுரைக்கு? வேறு வழியே இல்லாத பயணத்தில், மக்கள் வேறு வழிக்கு மாறிவிடுவார்கள் என்ற வாதத்துக்கு இடமே இல்லை. உள்நாட்டுப் பயணத்துக்காகப் போட்ட கணக்கு, கடல் கடந்து போகும் நம் குழந்தைகளின் பாதுகாப்பையும் தீர்மானிக்க விடக்கூடாது.

ஆபத்து மிக அரிது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் அந்த அரிய ஆபத்துக்காகத்தான் பெரியவர்கள் அத்தனை பேரும் பெல்ட் போடுகிறோம். விபத்தே நேராமலும் அடிபடலாம். 2024 மே 21 அன்று, ஹீத்ரோவிலிருந்து சிங்கப்பூர் போன எஸ்கியூ321 விமானம் மியன்மாருக்கு மேலே காற்றுக் கொந்தளிப்பில் சிக்கியது. ஒருவர் இறந்தார், பலர் காயப்பட்டனர். 0.6 விநாடிக்குள் உடலின் எடை, அதே எடையைப்போல் ஒன்றரை மடங்கு மேல்நோக்கிய இழுப்பாக மாறியது. பெல்ட் போடாதவர்கள் கூரையில் மோதினார்கள். தூங்கிக்கொண்டிருக்கும் தாயின் மடியில் கிடக்கும் பிள்ளைக்கு 0.6 விநாடியில் யார் என்ன செய்ய முடியும்? நம் பெற்றோர் பலர் கேட்டு வாங்கும் தொட்டிலும் இதற்குத் தீர்வல்ல. ஏறும்போதும் இறங்கும்போதும் அதைப் பயன்படுத்த முடியாது. பெல்ட் விளக்கு எரிந்தால் பிள்ளையை மடிக்கு எடுக்கச் சொல்வதே பொதுவான வழக்கம். மிக ஆபத்தான நேரத்தில் பிள்ளை மறுபடியும் கைக்குத்தான் வருகிறது.

“விமானம் விழுந்தால் பெல்ட் என்ன செய்யும்?” என்று கேட்பவர்கள் உண்டு. 2025 ஜூனில் அகமதாபாத்திலிருந்து கேட்விக்குக் கிளம்பி விழுந்து நொறுங்கிய விமானத்தின் துயரத்துக்குப் பிறகு அந்தக் கேள்வி இயல்பானதே. ஆனால் எல்லா விபத்தும் அப்படி முடிவதில்லை. 1983 முதல் 2000 வரை அமெரிக்க விமான நிறுவனங்களின் விபத்துகளில் சிக்கியவர்களில் 95 சதவீதத்துக்கு மேற்பட்டோர் பிழைத்தார்கள். 2024 ஜனவரியில் டோக்கியோவின் ஹனேடாவில் எரிந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்திலிருந்து 379 பேரும் உயிரோடு வெளியேறினார்கள். பிழைக்கக்கூடிய விபத்தில் குழந்தையும் பிழைக்க வேண்டும் என்பதே கோரிக்கை.

மிச்சமிருப்பது பணம். அது உண்மையான தடை. மடிக்குழந்தைக்குப் பொதுவாகப் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு. தனி இருக்கை என்றால் முக்கால் பங்கு அளவில் ஏறிவிடும். பேரப்பிள்ளையைப் பார்க்கக் காத்திருக்கும் ஆச்சிக்கு இதனால் இன்னொரு வருடம் தள்ளிப்போகலாம். அதனால்தான் செலவு முழுதையும் பெற்றோர் தலையில் போடக்கூடாது. எகானமி வகுப்பில் 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு விமானப் பயண வரியை பிரித்தானிய அரசு 2016இலேயே நீக்கிவிட்டது. அரசு விட்டுக்கொடுத்ததுபோல் விமான நிறுவனங்களும் இரண்டு வயதுக்குட்பட்டோர் இருக்கைக்குக் குறைந்த கட்டணம் வைக்க வேண்டும். விதியோடு அதையும் சேர்த்தே கேட்க வேண்டும். பால் கொடுப்பது, அழுகையை ஆற்றுவது எல்லாம் விமானம் சீராகப் பறக்கும் நேரத்தில் மடியில் நடக்கலாம்; அதை யாரும் தடுக்கப் போவதில்லை.

விதி வரும்வரை, இயன்றவர்கள் காத்திருக்க வேண்டாம். விமானத்தில் பயன்படுத்தலாம் என்ற குறிப்பு உங்கள் கார் சீட்டில் இருக்கிறதா, இடுப்பு பெல்ட் மட்டும் வைத்து அதைப் பூட்ட முடியுமா என்று பாருங்கள். காரில் சீட்டைப் பொருத்தும் ஐசோஃபிக்ஸ் கொக்கி விமானத்தில் கிடையாது. பத்து முதல் இருபது கிலோ வரையான, ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு கேர்ஸ் என்ற தோள்பட்டி உண்டு. இருக்கையின் முதுகில் மாட்டுவது, பைக்குள் மடித்து வைக்கலாம். எதுவானாலும் உங்கள் விமான நிறுவனம் ஏற்கிறதா என்று டிக்கெட் எடுக்குமுன் கேளுங்கள். பயண முகவரிடம் “குழந்தைக்கு இருக்கையோடு என்ன விலை?” என்று கேட்டுப் பாருங்கள். அப்படியே உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்துக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள்.