பள்ளிக்கரணைக்குத் தாம்பரத்தின் கடன்

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பட்டங்களில் குறைவில்லை. 2007இல் அதன் ஒரு பகுதி காப்புநிலமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ஏறத்தாழ 1,247 ஹெக்டேர் பரப்புடன் ஈரநிலங்களுக்கான பன்னாட்டு ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேரளவு விரிந்துகிடந்த கழுவெளி அது. பெருங்குடிக் குப்பைமேடும், பழைய மாமல்லபுரம் சாலையின் கட்டடங்களும், அரசு நிறுவனங்களே எழுப்பிய வளாகங்களும் விழுங்கியது போக மீந்ததற்கே இத்தனை காப்பும்.

இருந்தும் அந்நிலம் நலிந்துகொண்டுதான் இருக்கிறது. காரணத்தை அதன் கரையிலேயே நின்று தேடினால் பாதிதான் புலப்படும். மறுபாதி மேற்கே, தாம்பரத்துத் தெருக்களில் இருக்கிறது.

முடிச்சூர்ப் பக்கம் பெய்யும் மழை அடையாற்றை நாடும். தாம்பரத்துக்குக் கிழக்கே பெய்வது பள்ளிக்கரணையை நாடும். சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் அதன் மிகைநீரைச் செம்பாக்கம் ஏரி பெறும். செம்பாக்கத்து நீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிக்கு ஏரி இறங்கிச் சதுப்பில் சேரும். அங்கே தங்கித் தெளிந்து, ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளத்தில் கடலைக் காணும். சுமார் 250 சதுர கிலோமீட்டர் நிலப்பரப்புக்கு இச்சதுப்பே வடிகால். தலையேரிக் கால்வாயில் கலக்கும் சாக்கடையைக் கடைசியில் குடிப்பவை பூநாரையும் கூழைக்கடாவும். இடைவழியில் கால்வாய் தூர்ந்தால் என்ன நேரும் என்பதை 2015 பெருவெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை மக்கள் இடுப்பளவு நீரில் நின்று அறிந்தனர்.

ஆதலால் சதுப்பு மீட்பு என்பது தாம்பரம் மாநகராட்சியின் பொறுப்பு. தாம்பரத்தாரின் பொறுப்பும் கூட. வறண்ட 2019 கோடையில் சிட்லபாக்கத்துக் குடியிருப்போர் தாங்களே ஏரியில் இறங்கி மண்ணும் குப்பையும் அள்ளினர். அவ்வாண்டே அரசு அந்த ஏரிக்கு 25 கோடி ரூபாய் ஒதுக்கியது. மனுக்களுக்கு அசையாத கோப்பு மண்வெட்டியைக் கண்டு அசைந்தது என்பதே நம் கணிப்பு. செம்பாக்கம் ஏரியில் நேச்சர் கன்சர்வன்சி, கேர் எர்த் அறக்கட்டளை, சென்னை ஐ.ஐ.டி. ஆகியவை இணைந்து மீட்புப் பணியை மேற்கொண்டன. பள்ளிக்கரணைக்காக இருபது ஆண்டுகளுக்கு மேலாக உழைத்துவரும் கேர் எர்த் அறக்கட்டளையின் ஜெயஸ்ரீ வெங்கடேசன் 2025இல் ராம்சர் விருது பெற்றார். முன்மாதிரிக்கு நாம் வெளியூர் போக வேண்டியதில்லை.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. ஏரிச் சீரமைப்பு என்றதும் நம் அலுவலகங்களுக்குத் தோன்றுவது நடைபாதை, இரும்பு வேலி, வண்ண விளக்கு. தன்னார்வலர்க்குத் தோன்றுவது மரக்கன்று. இரண்டும் சதுப்புக்கு அயலானவை. நாரையும் உள்ளானும் இரை தேடுவது முழங்காலளவுக்கும் குறைந்த நீரில், சரிந்திறங்கும் சேற்றுக் கரையில். சுற்றிலும் செங்குத்தாக வெட்டி ஆழப்படுத்திய குளத்தில் அவற்றுக்குக் கால் ஊன்ற இடமில்லை. கோரையும் சம்பும் தாமே முளைக்க விட்டால் போதும். அங்கு வேம்பு நட வேண்டியதில்லை. ஆகாயத்தாமரையை அகற்றுவது மட்டும் போதாது. கழிவுநீர் கொண்டுவரும் நைட்ரஜனும் பாஸ்பரசும் அதற்கு உரம். வரத்தை அடைக்காமல் செடியை மட்டும் அள்ளினால் சில வாரங்களில் ஏரி மீண்டும் பச்சைக் கம்பளம் போர்த்திக்கொள்ளும்; அள்ளியவர் படம் மட்டும் நாளிதழில் இருக்கும்.

எனவே மக்கள் இயக்கம் தொடங்க வேண்டிய இடம் கால்வாய். ஏரிக்கு ஒரு சங்கம் இருப்பது நன்று. ஆனால் தன் ஏரிச் சாக்கடையை அடுத்த ஏரிக்குத் திருப்பிவிட்டு நிம்மதி கொள்ளும் சங்கத்தால் சதுப்புக்கு நன்மையில்லை. தாம்பரத்திலிருந்து ஒக்கியம் மடுவு வரை உள்ள ஏரிகளுக்கெல்லாம் பொதுவான ஓர் அவை வேண்டும். இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத உத்தரமேரூரில், பத்தாம் நூற்றாண்டிலேயே குடவோலையால் தேர்ந்த ஏரி வாரியம் இயங்கியது. கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் வாரியத்தில் அமர முடியாது என்று அவ்வூர்க் கல்வெட்டு விதிக்கிறது. இன்றைய ஒப்பந்தப் பணிகளுக்கு அவ்விதியைப் பொருத்திப் பார்க்க எத்தனை பேர் உடன்படுவர் என்பது வேறு செய்தி.

அரசு செய்ய வேண்டியதை மக்கள் தலையில் ஏற்றுவதும் முறையன்று. புதைசாக்கடை அமைப்பதும், ஆக்கிரமிப்பை அகற்றுவதும், கழிவுநீர் லாரிகளைத் தடுப்பதும் கூடையேந்திய இளைஞரால் ஆகாதவை. மக்களால் ஆவது காவல்: எந்த வாய்க்காலில், எந்த இடத்தில், எவ்வளவு கழிவு கலக்கிறது என்று மாதந்தோறும் கண்டு பொதுவில் வைப்பது. அந்தக் கழிவுநீர் வாய்களின் பட்டியலை, வட்டம் வாரியாக, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே மாநகராட்சி வெளியிட வேண்டும். எதனை எந்நாளுக்குள் அடைப்பது என்பதும் அதில் இருக்க வேண்டும். முதற்பட்டியல் சிட்லபாக்கத்திலிருந்து செம்பாக்கத்துக்குச் செல்லும் கால்வாய்க்கு ஆகட்டும்.