சட்டம் சாயலாமா?

தடுப்புச் சட்டம் என்றதும் சிறைக்கதவும் போலீஸ் வண்டியும் நினைவுக்கு வருவது நம் நாட்டில் இயல்பு. இன்று நாம் எழுத முற்பட்டது அந்தச் சட்டத்தைப் பற்றி அல்ல. அலுவலகங்களிலே ஒரு மேசைக்கும் அடுத்த மேசைக்கும் நடுவே நிற்கிறதே, துணி போர்த்திய பலகையையும் கண்ணாடியையும் தாங்கிக்கொண்டு, அந்த அலுமினியச் சட்டத்தைப் பற்றி. பார்ட்டிஷன் என்று சொன்னால் எவருக்கும் விளங்கும்.

நாட்டில் எத்தனையோ பெரிய பிரச்சினைகள் இருக்க, ஸ்குருவும் பலகையுமா பேச்சு என்று முகம் சுளிப்போர் இருக்கலாம். அவர்களுக்கு நாம் கூறுவது ஒன்றுதான். அந்தப் பலகைக்கு அடியிலே ஒரு தொழிலாளியின் கால் இருக்கிறது. அந்தக் காலை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறது. பொருள் சிறியதாக இருக்கலாம், பொறுப்பு சிறியதல்ல.

சென்னையின் தென்புறத்தைப் பாருங்கள். தரமணியில் டைடல் பூங்கா 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதற்குப் பின் பழைய மகாபலிபுரம் சாலை நெடுகிலும், சிறுசேரி வரையிலும், இந்தப் பக்கம் கிண்டியிலும், அங்கே கோவை சரவணம்பட்டியிலும் கண்ணாடி மாளிகைகள் எழுந்தன. தமிழ்நாடு வளர்கிறது என்பதற்கு அவை சான்று, நாமும் மகிழ்கிறோம். ஆனால் மாளிகை எழும்பியதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. ஒரு கம்பெனி ஒரு மாடியைக் காலி செய்யும். இன்னொரு கம்பெனி வரும். பழைய தடுப்புகளைப் பிரிக்க வேண்டும், புதியவற்றை நிறுத்த வேண்டும். பகலில் மற்ற மாடிகளில் அலுவலகம் நடப்பதால், ஓசை எழுப்பும் வேலை இரவுக்குத் தள்ளப்படுகிறது. அல்லது சனி, ஞாயிறுக்கு. திங்கட்கிழமை காலையில் வருகிறவர், வரிசையாக நிற்கும் தடுப்புகளைக் கண்டு அழகாயிருக்கிறது என்பார். இரவோடு இரவாக அவற்றை நிறுத்தியவர் யார், எப்படி நிறுத்தினார் என்று கேட்பாரில்லை.

இந்தத் தடுப்புகளின் பிறப்பே ஒரு பாடம். அமெரிக்காவில் ஹெர்மன் மில்லர் என்னும் அறைகலன் நிறுவனத்துக்காக இராபர்ட் புரோப்ஸ்ட் என்பவர் உருவாக்கிய 'ஆக்ஷன் ஆபீஸ்' என்ற ஏற்பாடே இவற்றுக்கு முன்னோடி. 1964இல் முதல் வடிவம் வந்தது. 1968இல், பிரித்து மாட்டக்கூடிய பலகைகளோடு அடுத்த வடிவம் வந்தது. பலகைகள் 120 பாகைக் கோணத்தில் விரிந்து நிற்க வேண்டும், வேலை செய்பவருக்கு இடமும் இயக்கமும் வேண்டும் என்பது அவர் எண்ணம். வாங்கிய கம்பெனிகள் என்ன செய்தன? கோணத்தை ஒடுக்கின, இடத்தைச் சுருக்கின, புறாக்கூண்டு கட்டி ஆளை அடைத்தன. தம் படைப்புக்கு நேர்ந்த கதியைக் கண்டு அவரே பின்னாளில் நொந்து பேசினார். அறிவாளர் தந்த கருவி ஆதாயக் கணக்கரின் கையில் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

உள்ளே அமர்பவரின் துன்பத்தைப் பற்றி உலகம் பேசியிருக்கிறது. அதை நிறுத்துபவரின் துன்பத்தைப் பற்றித்தான் பேச்சில்லை. அதை நாம் பேசுகிறோம்.

ஒற்றைப் பலகை தானாக நிற்காது. இதுதான் இந்தத் தொழிலின் முதல் உண்மை. நேர்கோட்டில் பத்துப் பலகைகளை மாட்டினாலும், அவை நிற்பதுபோலத் தோன்றுமே தவிர, உறுதியாக நிற்கவில்லை. ஒரு தோள் இடித்தால் பத்தும் சாயும். 'ட' எழுத்தைப்போல ஒரு மூலை திரும்ப வேண்டும். அல்லது குறுக்கே ஒரு பலகை வந்து முட்டுக் கொடுக்க வேண்டும். அல்லது சுவரோடும் தரையோடும் பிணைக்க வேண்டும். அப்போதுதான் வரிசைக்கு வலிமை. எனவே, மூலையிலிருந்தோ சுவரிலிருந்தோதான் வேலையைத் தொடங்க வேண்டும். நூலடித்துக் கோடு போட்டு, ரசமட்டம் வைத்து, காலில் உள்ள திருகுகளைத் திருப்பிச் சமப்படுத்த வேண்டும். ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் முடுக்க வேண்டும். மேலும் கீழும் போல்ட்டு இறுகும்வரை பிடித்த கையை எடுக்கக் கூடாது.

நடப்பது என்ன? ஆள் குறைவு. எனவே ஒருவரே பலகையை நிமிர்த்துகிறார், ஒருவரே முடுக்குகிறார். திருகு ஒன்று குறைகிறது, எடுத்துவரப் போகிறார். திரும்புவதற்குள் பலகை சாய்கிறது. அல்லது, மேசைப் பலகை பொருத்துவதற்கு முன்பே தொங்கு அலமாரியை ஒரு பக்கத்தில் மாட்டிவிடுகிறார்கள். பாரம் ஒருபுறம் இழுக்க, வரிசையே கவிழ்கிறது. பிரிக்கும்போது இன்னும் ஆபத்து. அலமாரி முதலில், பிறகு மின்கம்பி, பிறகு மேசை, பிறகு நேர்வரிசை, மூலை கடைசியில் என்பது முறை. அவசரத்தில் கைக்கு எட்டிய மூலையை முதலில் கழற்றினால், தாங்குவாரற்ற வரிசை தலைமேல் விழும்.

கண்ணாடித் தடுப்பின் எடையைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு, இரண்டரை கிலோ. 12 மில்லிமீட்டர் கனம் என்றால் சதுர மீட்டருக்கு 30 கிலோ. ஒரு மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் உயரமும் உள்ள ஒரே ஒரு கண்ணாடி 72 கிலோ! ஒரு முழு மனிதனின் எடை. வழுக்கும் எடை. அதை உறிஞ்சு பிடிகளைக் கொண்டு இருவரோ மூவரோ தூக்க வேண்டும். வெறுங்கையால் தூக்கச் சொல்வது வேலை வாங்குவதா, பலி கேட்பதா?

அடுத்தது மின்சாரம். இந்தத் தடுப்புகளின் அடிப்புறத்தில் கம்பி ஓடும் வழி இருக்கிறது. வெட்டிய அலுமினியத்தின் விளிம்பு கத்தியைப்போல் இருக்கும். கம்பியின் மேலுறையைக் கிழித்துவிடும். 230 வோல்ட் மின்சாரம் உலோகச் சட்டத்தில் ஏறினால், வரிசை முழுவதும் மின்வேலிதான். விளிம்பை மழுக்கி, ரப்பர் வளையம் போட்டு, எர்த் இணைத்து, சோதித்த பிறகே மின்சாரம் விட வேண்டும். ஆனால் துளைபோடும் மெஷினுக்குக் கரண்டு வேண்டுமென்று, பாதி மாட்டிய தடுப்பிலிருந்தே கம்பி இழுப்பது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது.

பிறகு தூசி. குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டு, சன்னல் திறக்க வழியில்லாத மாடியில், இரவு முழுவதும் பலகை அறுக்கிறார்கள். மரத்தூள் புற்றுநோய் விளைவிப்பது என்று உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995இல் அறிவித்தது. பலகைப் பசைகளில் இருக்கும் ஃபார்மால்டிஹைடும் அவ்வாறே என்று 2004இல் அறிவித்தது. தரையிலும் கூரையிலும் கான்கிரீட்டைத் துளைக்கும்போது எழும் சிலிக்காத் தூசி நுரையீரலைக் கல்லாக்கும். மூக்கில் கட்டிய கைக்குட்டை இவற்றை நிறுத்தாது. தக்க முகமூடி வேண்டும், தூசி உறிஞ்சும் கருவி வேண்டும். முடிந்த மட்டும் பட்டறையிலேயே அளவெடுத்து அறுத்துக் கொண்டுவர வேண்டும்.

இவ்வளவும் எவருக்கும் தெரியாத இரகசியமா? இல்லை. பெட்டிக்குள்ளே ஒரு காகிதம் வருகிறது. எந்த வரிசையில் மாட்டுவது, எத்தனை பேர் பிடிப்பது என்று படத்தோடு அச்சிட்டு வருகிறது. பெரும்பாலும் ஆங்கிலத்தில்! வேலை செய்பவரோ விழுப்புரத்துக்காரராக இருப்பார், ஒடிசாக்காரராக இருப்பார், பீகாரிலிருந்து நேற்று இரயிலேறி வந்தவராக இருப்பார். காகிதம் அட்டைப்பெட்டியோடு குப்பைக்குப் போகிறது. மேஸ்திரியின் வாய்ச்சொல்லே வேதமாகிறது. மேஸ்திரிக்கோ மறுநாள் காலை எட்டு மணிக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும் என்ற கவலை.

இந்த இடத்தில்தான் அந்த இன்னொரு சட்டம், சட்டமன்றமும் நாடாளுமன்றமும் இயற்றும் சட்டம், நினைவுக்கு வருகிறது. 1996ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழிலாளர் சட்டத்தில், கட்டடம் எழுப்புவது மட்டுமல்ல, கட்டடத்தை மாற்றியமைப்பதும் பழுதுபார்ப்பதும்கூட அடங்கியிருந்தன. ஆனால் பத்துத் தொழிலாளரேனும் இருந்தால்தான் அது பொருந்தியது. பதின்மூன்று சட்டங்களை ஒன்றாக்கி 2020இல் இயற்றப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அதே பத்துதான் பொது அளவுகோல். ஒப்பந்தத் தொழிலாளருக்கான விதிகளிலோ, முன்பு இருபது என்றிருந்த எண்ணிக்கையை ஐம்பதாக உயர்த்திவிட்டார்கள். எண்ணிக்கை உயர உயர, பாதுகாப்பு யாருக்குக் குறைகிறது என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

ஒரு மாடியில் வேலை எப்படிப் பிரிகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கண்ணாடிக்கு ஒரு ஒப்பந்தக்காரர், ஆள் நான்கு. அலுமினியத்துக்கு ஒருவர், ஆள் ஐந்து. மின்கம்பிக்கு ஒருவர், ஆள் மூன்று. தரைவிரிப்புக்கு ஒருவர், ஆள் நான்கு. கூட்டினால் பதினாறு பேர், ஒரே கூரையின்கீழ், ஒரே இரவில், ஒரே தூசியில். ஆனால் தனித்தனியே கேட்டால், "என்னிடம் பத்துப் பேர் இல்லையே!" என்று நால்வரும் கைவிரிப்பர். மாடிக்குச் சொந்தக்காரரைக் கேட்டால் வாடகைதாரரைக் காட்டுவார். வாடகைதாரர் ஒப்பந்தக்காரரைக் காட்டுவார். அவர் துணை ஒப்பந்தக்காரரைக் காட்டுவார். அவர் மேஸ்திரியைக் காட்டுவார். மேஸ்திரி, விழுந்து கிடப்பவரையே காட்டி, "கவனமாக இருந்திருக்க வேண்டும்" என்பார்.

தொழிலாளியே செருப்பைக் கழற்றிவிட்டு வேலை செய்கிறார், கையுறை கொடுத்தாலும் போடுவதில்லை, நாங்கள் என்ன செய்வது என்று கேட்பவர்களும் உண்டு. அதில் ஓரளவு உண்மை இருப்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கையில் பொருந்தாத கையுறையைக் கொடுத்து, திருகைப் பிடிக்க முடியாமல் அவர் கழற்றினால், குற்றம் கையிலா, உறையிலா? பலகைக்கு இவ்வளவு என்று கூலி பேசி, வேகத்துக்கு விலை வைத்துவிட்டு, நிதானத்தை எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

செலவு கூடும் என்று சொல்பவர்களும் உண்டு. கூடட்டும். ஒரு மாடியை அலங்கரிக்கக் கொட்டும் பணத்தில், இரண்டு ஆள் கூலியும் நான்கு முகமூடியும் எம்மாத்திரம்? வரவேற்பறைச் சுவரில் மாட்டும் ஓவியத்துக்குச் செலவழிக்க மனமிருக்கும்போது, சுவரை மாட்டுபவரின் உயிருக்குச் செலவழிக்க மனமில்லையா?

எனவே நாம் கேட்பவை இவை. ஒரே இடத்தில் வேலை செய்வோரை, எந்த ஒப்பந்தக்காரரின் ஆளாயினும், ஒன்றாகக் கூட்டி எண்ண வேண்டும். வேலையை வரவழைத்த நிறுவனமே முதற்பொறுப்பு ஏற்க வேண்டும். பாதுகாப்புச் செலவை ஒப்பந்தத்தில் தனிவரியாக எழுத வேண்டும். குறைந்த விலைப் போட்டியில் அது கரைந்துபோகக் கூடாது. மாட்டும் முறையைத் தமிழிலும், வந்த தொழிலாளர் அறிந்த மொழியிலும், படத்தோடு சுவரில் ஒட்ட வேண்டும். தனியாள் தடுப்பை நிமிர்த்தக் கூடாது என்பது கண்டிப்பான விதியாக வேண்டும். இரவு வேலைக்கு நேர வரம்பும், முதலுதவிப் பெட்டியும், மருத்துவமனைக்கு வண்டியும் வேண்டும். 1994இல் அமைந்த தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் தகுதியுள்ள ஒவ்வொருவரையும் பதிவு செய்த பிறகே வேலைக்கு இறக்க வேண்டும்.

முடியாததா இது? கடைகளில் நாள் முழுவதும் நின்று கால் வீங்கியவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டமன்றம் சட்டம் இயற்றியது. நாற்காலி ஒரு பெரிய பொருளா என்று அன்றும் சிலர் கேட்டிருக்கக்கூடும். நின்றவர்களுக்கல்லவா தெரியும் அதன் அருமை! உட்காருவதற்கு உரிமை வழங்கிய மாநிலம், அடிபடாமல் வேலை செய்யும் உரிமைக்கும் வழிகாட்டலாம்.

தொழிலாளத் தோழர்களுக்கும் ஒரு சொல். உடனடி ஆபத்து இருப்பதாகக் கருதினால் முதலாளியிடமும் ஆய்வாளரிடமும் தெரிவிக்கும் உரிமையைப் புதிய தொகுப்புச் சட்டம் தருகிறது. தனியாகச் சொன்னால் மறுநாள் வேலை இருக்காது என்ற அச்சம் நியாயமானதே. ஆகவே தனியாகச் சொல்லாதீர்கள். நீங்கள் மாட்டும் பலகையே உங்களுக்குப் பாடம் சொல்கிறது. தனித்து நின்றால் சாயும். ஒன்றோடு ஒன்று இணைந்து, குறுக்கே கைகொடுத்து நின்றால், எவர் இடித்தாலும் சாயாது.

அலுமினியச் சட்டத்தை நேராக நிறுத்த ரசமட்டம் இருக்கிறது. ஆட்சியின் சட்டத்தை நேராக நிறுத்துவது மக்களின் குரல். அந்தக் குரலைத்தான் இங்கே எழுப்புகிறோம்.