எல்லாச் சாவியும் ஒரே வளையத்தில்

போன ஞாயிற்றுக்கிழமை, என்னோடு வேலை பார்த்த ஒருவரின் மகன் வீட்டுக்கு வந்திருந்தான். ஒரு தனியார் நிறுவனத்தின் கணினிப் பிரிவில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறதாம். காபி குடித்துக்கொண்டே கேட்டான்: "அங்கிள், புதுசா வெப்லாஜிக் சர்வர் போடுறோம். அதுல குரூப், ரோல், பாலிசின்னு என்னென்னமோ இருக்கு. நாங்க ஏழு பேர்தான். ஏழு பேருக்கும் ஒரே அட்மின் பாஸ்வேர்டு வச்சுக்கிட்டா வேலை முடிஞ்சுது. எதுக்கு இவ்வளவு சடங்கு?"

அவனுக்குச் சொன்ன பதிலை இங்கேயும் எழுதி வைக்கிறேன். வங்கியில் குப்பை கொட்டிய நண்பர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

முதலில், அப்ளிகேஷன் சர்வர் என்றால் என்ன? அதை ஒரு கிளை அலுவலகக் கட்டடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் கவுன்டர்கள்தான் நிரல்கள். வாடிக்கையாளர் கவுன்டருக்கு வருவார், போவார். ஆனால் கட்டடத்தைத் திறப்பது, மூடுவது, புதுக் கவுன்டர் போடுவது, பழையதை எடுப்பது எல்லாம் யார் கையில் என்று ஒரு ஏற்பாடு வேண்டுமல்லவா?

நம் கிளைகளில் அது இருந்தது. பெட்டக அறைக்கு இரண்டு சாவி. ஒன்று கேஷியரிடம், ஒன்று அதிகாரியிடம். ஒருவர் மட்டும் போய்த் திறக்க முடியாது. மாற்றலாகிப் போகும்போது பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுச் சாவியை ஒப்படைத்துவிட்டுத்தான் போவோம். அதனால் யாரும் யாரையும் சந்தேகப்பட்டதாக அர்த்தம் இல்லை.

குரூப், ரோல், பாலிசி மூன்றும் அதே கதைதான். குரூப் என்பது ஆட்களின் பட்டியல். ரோல் என்பது நாற்காலி. எந்த நாற்காலியில் இருப்பவர் எந்தக் கதவைத் திறக்கலாம் என்பது பாலிசி. ஒருவர் மாறிப்போனால் பட்டியலில் பெயரை எடுத்தால் போதும், பூட்டை மாற்ற வேண்டியதில்லை.

வெப்லாஜிக்கில் இதற்கு முன்கூட்டியே சில ஏற்பாடுகள் செய்து தந்திருக்கிறார்கள். மானிட்டர்ஸ் குழுவில் இருப்பவர் அமைப்பைப் பார்க்கலாம், எதையும் மாற்ற முடியாது. ஆபரேட்டர்ஸ் சர்வரைத் தொடங்கலாம், நிறுத்தலாம். டெப்ளாயர்ஸ் நிரல்களை ஏற்றலாம். அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் எல்லாமே செய்யலாம். நிறுவும்போது உருவாக்கும் முதல் பயனர் இந்தக் கடைசிக் குழுவில் சேர்ந்துவிடுவார். மற்ற மூன்று குழுவிலும் ஆட்களைச் சேர்ப்பது நம் வேலை. அந்த வேலையைத்தான் யாரும் செய்வதில்லை. நாங்களும் செய்யவில்லை.

2009 வாக்கில், மாதக் கடைசி நாள் இரவு, வட்டிக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது சர்வர் நின்றுவிட்டது. மறுநாள் காலை கிளைகள் ஒன்றரை மணி நேரம் தாமதமாகத்தான் வேலையைத் தொடங்கின. பதிவுக் கோப்பைப் பார்த்தோம். சர்வரை நிறுத்தச் சொன்னவர் 'வெப்லாஜிக்' என்று ஒரே வரி இருந்தது. நிறுவும்போது முதல் பயனருக்கு வைத்த பெயர் அது. அதன் பாஸ்வேர்டு எங்களில் ஆறு பேருக்குத் தெரியும். போதாததற்கு, கீபோர்டுக்கு அடியில் ஒரு சீட்டிலும் எழுதி ஒட்டியிருந்தது.

அன்று இரவுப் பணியில் இருந்தவன் ஒரு ஒப்பந்த ஊழியன். இருபத்திரண்டு வயது இருக்கும். "நான் தொடவே இல்லை சார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். இரண்டே நாளில் அவனை அனுப்பிவிட்டார்கள். மூன்று மாதம் கழித்து, ஒரு மூத்த அதிகாரி டீ குடிக்கும்போது, சோதனைச் சர்வர் என்று நினைத்துத் தான்தான் நிறுத்தியதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தப் பையனை அனுப்பிய அன்று நானும் அந்த அறையில்தான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. எனக்கும் அந்தப் பாஸ்வேர்டு தெரியும் என்பது ஒரு காரணம்.

அவனுக்கென்று ஒரு பயனர் பெயர் கொடுத்து மானிட்டர்ஸ் குழுவில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "இவனால் சர்வரை நிறுத்தவே முடியாது" என்று அந்த ஏற்பாடே சாட்சி சொல்லியிருக்கும். இந்தப் பாதுகாப்பு விதிகள் எல்லாம் திருடனுக்காக என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அவை முதலில் காப்பாற்றுவது தப்புச் செய்யாதவனைத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கம்பெனிக்காரன் வைத்துத் தந்த ஏற்பாட்டை அப்படியே நம்பிவிடவும் கூடாது. வெப்லாஜிக்கில் நிர்வாக வேலைகளுக்கு ஆரம்பத்திலேயே பூட்டு உண்டு. ஆனால் நாம் ஏற்றும் நிரல்களின் பக்கங்களுக்கு, தனியாக விதி எழுதாதவரை, 'எவ்ரிஒன்' என்ற குழுவுக்கே அனுமதி. பெயர், பாஸ்வேர்டு கொடுக்காமல் வருகிறவரும் அந்தக் குழுவில் அடக்கம். டாம்கேட் என்ற இன்னொரு சர்வரில் அதன் மேலாண்மைப் பக்கத்துக்குள் போக ஆரம்பத்தில் ஒருவருக்கும் அனுமதி கிடையாது. நாமாகப் பெயர் எழுதினால்தான் உண்டு. சால்ட்சர், ஷ்ரோடர் என்ற இரு அறிஞர்கள் 1975லேயே எழுதிவிட்டார்கள்: அனுமதி இல்லை என்பதே தொடக்க நிலையாக இருக்க வேண்டும், வேலைக்குத் தேவையான அளவு அதிகாரம் மட்டும் தர வேண்டும் என்று. ஐம்பது வருஷம் ஆகியும் அதற்கு மேலான யோசனையை நான் கேட்டதில்லை.

"நடுராத்திரி ஏதாவது ஆச்சுன்னா, அட்மின் ஆள் ஊர்ல இல்லேன்னா?" என்று கேட்டான் தம்பி. நல்ல கேள்விதான். நம் பெட்டகத்தின் மாற்றுச் சாவியை உறையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, வேறு கிளையில் வைத்திருப்போமே, அதேதான். அட்மின் பாஸ்வேர்டும் ஒட்டிய உறையில் மேலதிகாரியிடம் இருக்கட்டும். அவசரத்துக்குப் பிரிக்கலாம். பிரித்தவர் கையெழுத்துப் போட வேண்டும். மறுநாள் காலை பாஸ்வேர்டை மாற்றிவிட வேண்டும்.

ஏழு பேருக்கு ஏழு பெயர், ஆளுக்கு ஒரு குழு. எழுதி முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகாது. நாங்கள் அந்த ஒரு மணி நேரத்தைச் செலவழிக்கவில்லை.

கிளம்பும்போது தம்பி கேட்டான்: "அந்தப் பையன் இப்ப எங்க இருக்கார் அங்கிள்?"

தெரியாது என்றேன். அப்போதே விசாரித்திருக்க வேண்டும்.